கலப்பின மான்கொம்புப் பன்னம்: கொள்ளுப்பிட்டி வீடுகளில் வளர்த்தலும் பராமரித்தலும்

கொழும்பு மாநகரின் கடற்கரையோரப் பகுதிகளான கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை ஆகியவற்றில் வளவுகள் குறுகிவிட்டன; மாடிவீடுகள் பெருகிவிட்டன. மண்ணில் நட்டு வளர்க்க இடமில்லாத இவ்வீடுகளின் விறாந்தைச் சுவரிலும் மேல்மாடி முகப்பிலும் பலகையொன்றிற் கட்டித் தொங்கவிடத்தக்க அழகுச் செடியாக மான்கொம்புப் பன்னம் பலராலும் விரும்பப்படுகின்றது. நாற்றுமேடைகளில் இதன் கலப்பினங்களும் இப்பொழுது விற்பனைக்கு வருகின்றன. சாதாரண வகையிலும் பார்க்கக் கூடிய விலை கொடுத்து இவற்றை வாங்குவோருட் சிலர் முதலாவது தென்மேற்குப் பருவமழையுடனேயே அவற்றை இழந்துவிடுகின்றனர். அச்செடிகள் நீரின்றி வாடி மடிந்தவை அல்ல. நீர் மிகுந்து அடி அழுகி மடிந்தவை. கலப்பினம் ஒன்று மடிந்தபின் அதன் வித்திகளை விதைத்து அதனையே மீண்டும் பெறுதல் பெரும்பாலும் இயலாது. ஆகவே, கையிலுள்ள செடியின் பெற்றோர் எவை, அவை எத்தகைய காட்டுக்குரியவை என்பதை அறிந்து அதற்கேற்ப நீர் விடுதலே இச்செடி வளர்ப்பில் முதலாவதாகக் கற்கவேண்டியதாகும்.

செடியின் இயல்பு

மான்கொம்புப் பன்னம் பிளாற்றிசேரியம் என்னும் சாதியைச் சேர்ந்தது. அகன்ற கொம்பு எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களாலான இப்பெயரை 1827இல் பிரெஞ்சுத் தாவரவியலாளர் தெவோ வழங்கினார். இச்சாதியில் ஏறக்குறைய 18 இனங்கள் உள. ஆபிரிக்கா, மடகசுக்கார், தென்கிழக்காசியா, நியூகினி, அவுத்திரேலியா ஆகிய இடங்களில் இவை பரந்துள்ளன. தென்னமெரிக்காவுக்குரியது ஓரினம் மட்டுமே. இந்தியாவின் மணிப்பூர்ப் பகுதியிலும் ஓரினம் இயற்கையாக வளர்கின்றது. இலங்கையில் 300க்கு மேற்பட்ட பன்ன இனங்கள் இருந்தும் மான்கொம்புப் பன்னம் இந்நாட்டுக் காடுகளுக்கு உரியதன்று. ஆகையால், ‘காட்டிலே தானாக வளரும் செடிக்குப் பராமரிப்பு எதற்கு?’ என்று கேட்பதற்கு இங்கு இடமில்லை. இங்குள்ள ஒவ்வொரு செடியும் மனிதர் கையால் கொண்டுவரப்பட்டதே.

இது மரங்களின் அடியிலும் கிளைகளிலும் ஒட்டி வாழும் மேலொட்டித் தாவரமாகும். மேலொட்டி வேறு, ஒட்டுண்ணி வேறு. மாமரத்திற் படரும் குருவிச்சை மரத்தின் சாற்றை உறிஞ்சி வாழ்வது. மான்கொம்புப் பன்னமோ மரத்தை நிற்பதற்குரிய இடமாக மாத்திரம் கொள்கின்றது. மழைநீரும், பனியும், உதிர்ந்து மக்கிய சருகுமே அதற்கு உணவு. எனவே வளவில் உள்ள மரத்திற் கட்டினால் மரம் பட்டுவிடுமென அஞ்சவேண்டியதில்லை.

இச்செடிக்கு இருவகை இலைகள் உண்டு. அடியில் மரத்தோடு அல்லது பலகையோடு ஒட்டிப் பரவுவது கேடய இலை. முதலிற் பச்சையாய் இருந்து சில மாதங்களிற் கபில நிறமடைந்து தாள்போலாகும் இவ்விலை உதிர்வதில்லை. ஒன்றன்மேலொன்றாகப் படியும் கேடய இலைகள் வேரையும் வேர்த்தண்டையும் மூடிக் காக்கின்றன; நீரைப் பஞ்சுபோல் பிடித்து வைக்கின்றன; காலப்போக்கில் மக்கிச் செடிக்கே உணவாகின்றன. கொழும்பு வீதியோரத்து மாரா மரங்களின் கிளைகளில் தொற்றி வளரும் திரைனாரியாப் பன்னத்தைக் கண்டவர்க்கு இது எளிதில் விளங்கும். தமிழகத்துக் கொல்லிமலையில் முடவாட்டுக்கால் என விற்கப்படுவது அப்பன்னத்தின் தண்டே. அதன் அடியிலும் இவ்வாறே கபில நிறச் சிற்றிலைகள் சருகை ஏந்தி நிற்கும்.

கபில நிறங் கண்டதும் ‘காய்ந்த இலை’ எனக் கருதிக் கேடய இலைகளை உரித்தெறிவோர் பலர். அது செடியின் தோலை உரிப்பதற்குச் சமம். உரித்த இடத்தில் வேர் வெளியே தெரியும். அவ்வேர் வெயிலில் உலரும், மழையில் அழுகும். எக்காரணங் கொண்டும் கேடய இலையை நீக்கலாகாது.

மற்றையது கொம்பிலை. மான்கொம்புபோற் கிளைத்து நீண்டு வெளிநோக்கி வளரும் இவ்விலையின் கீழ்ப்புறத்திலேயே வித்திகள் தோன்றும். அவை கபில நிற வெல்வெற்றுத் துணியை ஒட்டியது போன்ற திட்டுக்களாகத் தெரியும். இதனை நோயென எண்ணி மருந்து தெளிப்பதும் உண்டு, அது தேவையற்றது. கொம்பிலையின் மேல் வெண்சாம்பல் பூசியதுபோற் காணப்படுவது நுண்ணிய விண்மீன் வடிவ மயிர்களின் படையாகும். இம்மயிர்கள் கடும் வெயிலைத் தடுத்து, இலையிலிருந்து நீர் ஆவியாதலைக் குறைக்கின்றன. காலி வீதியின் புகையும் தூசியும் இலையிற் படிவது உண்மையே. எனினும் துணியால் துடைத்தால் தூசியோடு மயிரும் போய்விடும். மெல்லிய நீர்த்தூவலால் கழுவுவதே முறை. இலைக்குப் பளபளப்பு ஊட்டவெனக் கடைகளில் விற்கும் எண்ணெய்களை அறவே தவிர்த்தல் வேண்டும்.

கலப்பினம் தோன்றும் முறை

பன்னங்களுக்குப் பூவும் வித்தும் இல்லை. வித்தி ஈரத்தில் முளைத்து, விரல்நகத்திலும் சிறிய இதய வடிவான பச்சைத் தகடாகின்றது. இதுவே புணரித் தாவரம். இதில் உண்டாகும் ஆண் கலங்கள் மெல்லிய நீர்ப்படலத்தில் நீந்திச் சென்று பெண் கலத்தை அடைகின்றன. அவ்விணைப்பிலிருந்தே இலையுடைய பன்னம் பிறக்கின்றது. இரு இனங்களின் வித்திகளை ஒரே தட்டிற் கலந்து விதைத்தால், ஓரினத்தின் ஆண் கலம் அடுத்த இனத்தின் பெண் கலத்தைச் சேர்தல் கூடும். அவ்வாறு சேர்ந்து பிறப்பதே கலப்பினம். மகரந்தத்தைத் தூரிகையால் எடுத்து வைப்பது போன்ற உறுதியான வழி இதற்கில்லை. நூற்றுக்கணக்கான நாற்றுக்களை வளர்த்து, இரு பெற்றோரின் சாயலும் கலந்த ஒன்றிரண்டைப் பொறுமையோடு தெரிந்தெடுக்கவேண்டும். நல்ல கலப்பினங்களின் விலைக்குக் காரணம் இவ்வுழைப்பே.

வாங்குவோர் அறிந்திருக்கவேண்டிய சில கலப்புக்களை இங்கு குறிப்பிடலாம். மிக எளிதாக வளர்வது பைபேர்க்காற்றம் இனத்தோடு கில்லி இனம் கலந்த வகை. இரண்டும் அவுத்திரேலியாவின் கிழக்குக் கரைக்குரியவை. பைபேர்க்காற்றம் குளிரையும் ஓரளவு வரட்சியையும் தாங்குவது. கில்லி வெப்பமான குவீன்சுலாந்தின் வடபகுதியது, அகன்று கரும்பச்சையான இலையுடையது. இவற்றின் பிள்ளைகள் கொழும்பிலும் வளரும், மலைநாட்டிலும் வளரும். முதன்முறையாக வளர்க்க முற்படுவோர்க்கு இதனிலும் ஏற்ற வகை இல்லை.

எலிமேரியா எனப்படும் கலப்பினம் ஆபிரிக்காவின் இரு இனங்கள் கூடியது. ஒரு பெற்றோர் எலிபன்ரோற்றிசு: கிளைக்காத, யானைக்காது போன்ற அகன்ற இலையுடையது, மழையும் வரட்சியும் மாறிமாறி வரும் நிலத்தது, ஆண்டில் ஒரு பகுதி ஓய்வில் இருப்பது. மற்றைய பெற்றோர் இசுத்திமேரியா: ஈரக் காடுகளுக்குரியது, இச்சாதியிலேயே நீரை மிகுதியாக விரும்புவனவற்றுள் ஒன்று. தாயும் தந்தையும் நீர் விடயத்தில் எதிரெதிரான இயல்புடையனவாயிருத்தலால் இக்கலப்பினத்தைக் கையாள்வதற்குச் சற்று விழிப்பு வேண்டும். புதிய இலை விரியும் காலத்தில் இசுத்திமேரியாவைப்போல் நீர் கேட்கும். வளர்ச்சி நின்ற காலத்தில் எலிபன்ரோற்றிசுபோல் ஓய்வு கேட்கும். ஓய்வுக் காலத்திலும் முன்போலவே நீர் விட்டால் அடி அழுகும்.

தாய்லாந்திலிருந்து பெயர்பெற்ற கிச்சகூட் மலை என்னும் கலப்பினம் கொறொனேரியம், இரிட்லியி ஆகிய இனங்களிற் பிறந்தது. இரண்டும் மலாய் நாட்டையும் அதனை அடுத்த தீவுகளையும் சேர்ந்த வெப்ப மழைக்காட்டு இனங்கள். கொறொனேரியத்தின் கொம்பிலைகள் திரைச்சீலைபோல் இரண்டு மீற்றருக்கு மேலும் தொங்கும். சிங்கப்பூர்த் தாவரவியற் பூங்காவின் முதற்பணிப்பாளராயிருந்த கென்றி இரிட்லியின் பெயரைத் தாங்கிய மற்றைய இனத்தின் கொம்பிலைகளோ நிமிர்ந்து நிற்பவை. அதன் கேடய இலையின் மடிப்புக்களுள் காட்டில் எறும்புகள் குடியிருக்கும். கொழும்பின் வெப்பமும் ஈரக்காற்றும் இக்கலப்பினத்துக்கு ஏற்றவை. எனினும் இரிட்லியி உயர்ந்த மரங்களின் மேற்கிளைகளில், காற்று வந்து அடியை உலர்த்தும் இடத்தில் வாழ்வது. ஆகவே காற்றோட்டமில்லாத மூலையில் வைத்தால் கலப்பினமும் விரைவில் அழுகும். நுவரெலியாக் குளிருக்கு இதனைக் கொண்டுசெல்லுதல் வீண்.

குவீன்சுலாந்தின் வரண்ட பாறைகளில் வளரும் வீச்சியை என்னும் இனத்தின் கலப்புக்களும் உண்டு. இவற்றின் இலை வெள்ளிபோல் வெண்மையாயிருக்கும். வெயிலை ஏனையவற்றிலும் கூடுதலாகத் தாங்கும். நீர் குறைவாகவே போதும்.

விற்பவர் பெற்றோரின் பெயரைக் கூற இயலாதவிடத்து இலையைப் பார்த்தே ஓரளவு தெளியலாம். மயிர் அடர்ந்து வெண்மையாகத் தோன்றினால் வரட்சிக்குப் பழகிய பெற்றோர் ஒன்று உண்டெனக் கொள்ளலாம். இலை மெல்லிதாய்ப் பளிச்சிடும் பச்சையாய் இருந்தால் ஈரக்காட்டின் சாயல் மிகுந்ததெனக் கொள்ளலாம். பெயரட்டையில் ‘கலப்பினம்’ என்ற ஒரே சொல்லை எழுதிக் கூடிய விலைக்கு விற்கப்படும் செடிகள் பலவும் சாதாரண பைபேர்க்காற்றமே. அவை கெட்ட செடிகள் அல்ல, விலைதான் கெட்டது.

இடமும் காற்றும்

வெளிநாட்டுச் செடிகளை இம்மண்ணுக்குப் பழக்குதல் இப்பகுதிக்குப் புதிய தொழிலன்று. கொள்ளுப்பிட்டியை அடுத்த கொம்பனித்தெருவில் 1810இல் கியூ என்ற பெயரில் ஒரு தாவரவியற் பூங்கா தொடங்கப்பெற்றது. அது 1813இல் களுத்துறைக்கு மாற்றப்பட்டது; 1821இல் பேராதனைப் பூங்கா தோன்றியது. கியூ வீதி என்னும் பெயர் கொம்பனித்தெருவில் இன்னும் வழங்குகின்றது.

கொள்ளுப்பிட்டியில் இடந் தெரியும்போது முதலில் நோக்கவேண்டியது கடலை. மே மாதம் முதல் செத்தெம்பர் வரை தென்மேற்குக் காற்று கடலிலிருந்து நேரே வீசும். புகையிரதப் பாதையையும் கடற்கரை வீதியையும் அடுத்த வீடுகளின் மேற்குப்புற முகப்புக்களில் அக்காற்றோடு உப்பும் வந்து படியும். இலைநுனிகள் கருகிச் சுருளுதல் இதன் அடையாளம். ஆகவே மேற்குச் சுவரை விடுத்துக் கிழக்கு அல்லது வடக்கு நோக்கிய சுவரைத் தெரிதல் நன்று. வேறு இடமில்லாதோர் கடுங்காற்று வீசிய மறுநாட் காலையில் நன்னீரைத் தூவி இலைகளைக் கழுவிவிடவேண்டும். கடற்கரையோரக் கிணறுகளின் நீர் உவராயிருத்தல் கூடுமாதலால் மழைநீரோ குழாய்நீரோ பயன்படுத்துவதே தக்கது.

ஒளி மிகுந்த நிழலே இச்செடிக்கு வேண்டியது. காலை ஒன்பது மணிவரையான இளவெயில் நன்மை தரும். நண்பகல் வெயில் இலையைச் சுடும். திறந்த மொட்டைமாடியில் வைப்போர் 50 வீத நிழல்வலை கட்டவேண்டும். ஒளி போதாவிடில் கொம்பிலை நீண்டு மெலிந்து கருமையாகும். அப்போது சற்று வெளிச்சமான இடத்துக்குப் படிப்படியாக மாற்றவேண்டும். குளிரூட்டிப் பொறியின் வெளிப்பகுதி வெப்பக் காற்றை உமிழும் இடத்துக்கு அருகே எச்செடியையும் தொங்கவிடலாகாது.

மரத்திற் கட்ட விரும்புவோர் மாரா, பலா, மா போன்ற சொரசொரப்பான பட்டையுடைய மரங்களைத் தெரியலாம். கொய்யா மரம் பட்டை உரிப்பது. செடியும் அதனோடு உரிந்து விழும்.

பலகையிற் கட்டுதல்

நாற்றுமேடையிலிருந்து வரும் செடி பெரும்பாலும் தும்புச்சோறு நிரப்பிய பிளாத்திக்குச் சாடியில் இருக்கும். இது ஏற்றிவருவதற்கு எளிதான முறையேயன்றிச் செடி நிலையாக வாழும் முறையன்று. நாட்பட்ட தும்புச்சோறு சேறுபோல் இறுகி, உள்ளே காற்றுப் புகாது நீரைத் தேக்கும். கேடய இலை சாடியின் விளிம்பை மூடத் தொடங்கியதும் செடியைப் பலகைக்கு மாற்றிவிடவேண்டும். மழைக்கு முந்திய மார்ச்சு மாதமும், மழை தணிந்திருக்கும் ஓகத்து மாதமும் இதற்கு உகந்தவை.

சிறு செடிக்கு 30 சென்ரிமீற்றர்ச் சதுரப் பலகை போதும். பலா, தேக்கு ஆகியன நெடுநாள் உழைக்கும். செப்புச் சேர்ந்த மரப்பாதுகாப்பு மருந்து பூசிய பலகையும், கட்டுவதற்குச் செப்புக் கம்பியும் கூடா; செப்பு மேலொட்டித் தாவரங்களுக்கு நஞ்சு. பலகையின்மேல் பொச்சுத் தும்பை ஐந்து சென்ரிமீற்றர்க் கனத்துக்குப் பரப்பவேண்டும். கடற்கரையோரத்திலும் களப்பு நீரிலும் ஊறிய பொச்சில் உப்பு இருக்குமாதலால் அதனை நன்னீரில் மூன்று நாள் ஊறவைத்து, நாள்தோறும் நீரை மாற்றிய பின்னரே பயன்படுத்தவேண்டும். ஹோட்டன் சமவெளியிலிருந்து பாசி கொண்டுவந்து வைக்கலாமெனச் சிலர் எண்ணுவர். 1988 முதல் தேசிய பூங்காவாயுள்ள அவ்விடத்திலிருந்து எதனையும் எடுத்தல் குற்றம். மலைக்காட்டு மரப்பன்னங்களை வெட்டிப் பலகையாக்குதலும் ஆகாது. தென்னை நாடாகிய இங்கு பொச்சுக்கு மேல் வேறொன்றும் வேண்டுவதில்லை.

செடியின் நடுவே மயிர் மூடிய சிறு மொட்டுப்போற் காணப்படுவது வளர்முனை. அது மேல்நோக்கி இருக்கும்படி செடியை வைத்துத் தங்கூசியால் பழைய கேடய இலைகளின் மேலாகச் சுற்றிக் கட்டவேண்டும். நூல் வளர்முனையை அழுத்தலாகாது. வளர்முனை நசிந்தால் செடி முடிந்தது. ஓராண்டுக்குள் புதிய கேடய இலைகள் நூலை மூடிவிடும். பலகைக்கும் சுவருக்கும் இடையில் இரண்டு மூன்று சென்ரிமீற்றர் இடைவெளி இருக்குமாறு பின்புறத்தில் ஒரு கட்டையை அறைந்துகொள்ளவேண்டும். காற்றுப் போய்வரவும், சுவரின் சுண்ணாம்பு கறைபடாதிருக்கவும் இது உதவும்.

நீர் விடுதல்

இதுவே இச்செடியின் உயிர்நிலை. கொழும்பில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர் மழை பெய்கின்றது. ஆயினும் அது சமமாகப் பெய்வதில்லை. ஏப்பிரல், மே மாதங்களிலும் ஒற்றோபர், நவம்பர் மாதங்களிலும் வானம் கொட்டும். சனவரி, பெப்ரவரி மாதங்களில் மாதத்துக்கு 100 மில்லிமீற்றரும் கிடைப்பது அரிது. எனவே ‘கிழமைக்கு இத்தனை முறை’ என ஆண்டு முழுவதற்கும் ஒரே கணக்கு வைத்தல் பொருந்தாது.

வீட்டில் பூச்சாடிகளுக்கு நாள்தோறும் நீர் ஊற்றுபவர் அதே கையோடு பன்னத்துக்கும் ஊற்றிவிடுவார். நல்லெண்ணத்தோடு செய்யப்படும் இச்செயலே பெரும்பாலான அழுகலுக்குக் காரணம். நீர் வேண்டுமா என்பதைப் பலகையைத் தூக்கிப் பார்த்தே முடிவு செய்தல் வேண்டும். நனைத்து வடிந்த பலகையின் பாரத்தை ஒருமுறை கையால் உணர்ந்துகொண்டால், உலர்ந்தபின் அது எவ்வளவு இலேசாகின்றது என்பது தானே தெரியும். கேடய இலையை விரலால் அழுத்தும்போது சரசரவென ஒலித்தால் உள்ளே உலர்ந்துவிட்டது. மெத்தென்று குளிர்ந்திருந்தால் இன்னும் பொறுக்கவேண்டும்.

நீர் வேண்டிய நாளில் பலகையைக் கழற்றி, வாளி நீரில் அடிப்பகுதி அமிழும்படி பத்து நிமிடம் வைத்து, நீர் வடியும்வரை தொங்கவிட்டு, மீண்டும் சுவரில் மாட்டவேண்டும். பெரிய செடியைக் கழற்ற இயலாதாயின் கேடய இலைகளின் பின்புறமாக மேலிருந்து மெல்ல ஊற்றலாம். காலையில் விடுதல் நன்று; மாலையில் விட்டால் இரவு முழுவதும் வளர்முனையில் ஈரம் தங்கும். வரண்ட மாதங்களில் பைபேர்க்காற்றக் கலப்புக்களுக்கு நான்கைந்து நாட்களுக்கு ஒருமுறை போதும்; கிச்சகூட் மலைக்கு இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறையும் காலையில் நீர்த்தூவலும் வேண்டும்; வீச்சியைக் கலப்புக்களுக்குக் கிழமைக்கு ஒருமுறை. இவை கைக்கணக்கு மட்டுமே. முடிவு பலகையின் பாரத்தில் உள்ளது.

அடைமழைக் காலத்தில் செடியைக் கூரையின் இறப்புக்குக் கீழே கொண்டுவந்துவிடுதல் வேண்டும். மழையில் நனைவது கேடன்று. நனைந்தபின் உலர்வதற்கு நேரமில்லாமற் போவதே கேடு. கொறொனேரியம் மழைக்காட்டுச் செடிதானே, நனையட்டும் என விடுவோர், அக்காட்டில் அது முப்பது மீற்றர் உயரத்துக் காற்றில் நிற்பதையும், இங்கு மதிலுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் இடையில் அடைபட்டிருப்பதையும் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும்.

பலரும் தவறுவது இன்னோரிடத்தில். நீர் குறைந்தாலும் கொம்பிலை தளர்ந்து தொங்கும். நீர் மிகுந்து வேர் அழுகினாலும் அவ்வாறே தொங்கும். இலை வாடியதைக் கண்டவுடன் வாளியைத் தூக்கலாகாது. முதலில் அடியைத் தொட்டுப் பார்க்கவேண்டும். அடி உலர்ந்து இலை வாடியிருந்தால் நீர் விட ஓரிரு நாளில் நிமிரும். அடி ஈரமாயிருந்தும் இலை வாடியிருந்தால், அல்லது வளர்முனை கறுத்து மணம் வீசினால், அது அழுகல். அப்போது நீரை முற்றாக நிறுத்திக் காற்றோட்டமான இடத்தில் தொங்கவிட்டு, கறுத்த பாகத்தைச் சுட்டுத் தூய்தாக்கிய கத்தியால் நல்ல பகுதி தெரியும்வரை வெட்டியெடுக்கவேண்டும். வளர்முனை தப்பியிருந்தால் செடியும் தப்பும்.

பலகைக்குக் கீழே நீரேந்தும் தட்டு வைக்கலாகாது. 2017இல் இந்நாட்டில் 180,000க்கு மேற்பட்டோர் டெங்குக் காய்ச்சலுக்கு ஆளாகினர். நுளம்பு பெருகும் வகையில் வளவில் நீர் தேங்கவிடுதல் 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின்படி தண்டனைக்குரியது. மேற்புறம் கூடுபோல் விரிந்த கேடய இலைகளுள் மழைநீர் தேங்குகின்றதா என்பதையும் கிழமைக்கொருமுறை பார்த்துச் சாய்த்து ஊற்றிவிடவேண்டும்.

உணவு

இச்செடி சிறிதளவே உண்பது. கரையும் 20:20:20 கலவைப் பசளையைப் பொதியில் குறிப்பிட்ட அளவின் காற்பங்காகக் கரைத்து, புதிய இலை விடும் காலத்தில் மாதமொருமுறை தெளித்தல் போதும். அடைமழையிலும் ஓய்விலும் வேண்டாம். வாழைப்பழத் தோலைக் கேடய இலைக்குள் செருகும் வழக்கம் பரவலாக உண்டு. அதனால் செடிக்குக் கிடைக்கும் நன்மையிலும் பழ ஈக்கும் கரப்பானுக்கும் கிடைக்கும் நன்மை பெரிது. பச்சைச் சாணமும் கோழிப் பசளையும் வேரைச் சுடும்.

பூச்சியும் நோயும்

செதிற் பூச்சியும் வெண்மூட்டுப்பூச்சியும் கொம்பிலையின் அடியிலும் கேடய இலையின் விளிம்பிலும் ஒளிந்திருக்கும். எறும்புகள் வரிசையாகச் செடிமேல் ஏறினால் அவை அங்கே உண்டெனக் கொள்ளலாம். எண்ணெய் கலந்த மருந்துகள் இலைமயிரை அடைத்துவிடுமாதலால் அவற்றை விடுத்து, பஞ்சு சுற்றிய குச்சியை மதுசாரத்தில் தோய்த்துப் பூச்சியை மட்டும் தொட்டு நீக்கலாம். பொறுமை வேண்டிய வேலையாயினும் செடிக்கு ஊறில்லாதது. நத்தைகள் இரவில் வந்து இளங் கொம்பிலையை அரிக்கும். விளக்கோடு சென்று பொறுக்குவதே வழி. மழைக்காலத்தில் கேடய இலையிற் கரும்புள்ளிகள் தோன்றிக் கொம்பிலைக்குப் பரவினால் அது இறைசொற்றோனியா என்னும் பங்கசின் வேலை. நீரைக் குறைத்துக் காற்றோட்டத்தைக் கூட்டினாலே பெரும்பாலும் தணியும்.

கன்றுகளைப் பிரித்தல்

கலப்பினத்தைப் பெருக்குவதற்கு வீட்டிலுள்ள உறுதியான வழி பக்கக் கன்றுகளே. பெற்றோரின் இனங்கள் தொலைவான உறவாயின் அவற்றின் நிறமூர்த்தங்கள் இணங்காமையால் கலப்பினத்தின் வித்திகள் சுருங்கி முளைக்காது போகும். பைபேர்க்காற்றம், கில்லி போன்ற நெருங்கிய உறவினரின் கலப்பில் வித்திகள் முளைப்பதுண்டு. முளைத்தாலும் பிள்ளைகள் ஒன்றுபோல் இரா. தாயைப்போல் ஒன்றும் வாராதிருத்தலும் கூடும். அந்நாற்றுக்களைத் தாயின் பெயரால் விற்பதும் வாங்குவதும் முறையன்று.

எல்லாச் செடியும் கன்று ஈனுவதில்லை. கிச்சகூட் மலையின் பெற்றோருள் கொறொனேரியம் கன்று விடுவது; இரிட்லியி பொதுவாகத் தனித்தே வாழ்வது. கன்று விடாத இனங்களின் சாயல் மிகுந்த கலப்பினத்தை வைத்திருப்போர் அவ்வொரு வளர்முனையை நம்பியே இருக்கின்றனர் என்பதை மறத்தலாகாது.

கன்றுக்கெனச் சொந்தக் கேடய இலை தோன்றி, அது உள்ளங்கையளவு அகன்ற பின்னரே பிரிக்கவேண்டும். அவசரப்பட்டுப் பிரித்த சிறு கன்றுகள் தேறுவது அரிது. கன்றைச் சுற்றி அகலமாகக் கத்தியை இறக்கி, அதன் வேரும் அதனை ஒட்டிய பழைய கேடய இலைத் துண்டும் கூடவே வரும்படி வெட்டியெடுக்கவேண்டும். தாய்ச்செடியில் உண்டான குழியை ஈரமான தும்பால் அடைத்துவிடலாம். கன்றை முன் கூறியவாறு சிறு பலகையிற் கட்டி, புதிய இலை தோன்றும்வரை நிழலில் வைத்து, பசளை எதுவுமின்றி நீர்த்தூவல் மட்டும் கொடுத்துவரவேண்டும். ஒரே செடி வைத்திருப்போர் முதற்கன்றை அயல்வீட்டாருக்குக் கொடுத்து வைத்தல் சாலச் சிறந்தது. தம் செடி மடிந்தாலும் அதன் கன்று அடுத்த வீட்டுச் சுவரில் இருக்கும்.

பாங்கொக்கிலிருந்து வருவோர் பயணப் பொதிக்குள் கன்றுகளைச் சுற்றிக் கொண்டுவருதல் கூடாது. 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி முன்கூட்டியே பெற்ற அனுமதிப் பத்திரமும், ஏற்றுமதி செய்யும் நாட்டின் தாவரச் சுகாதாரச் சான்றிதழும் இருத்தல் வேண்டும். கட்டுநாயக்காவில் உள்ள தாவரத் தொற்றுநோய்த் தடுப்புச் சேவையினர் செடியைப் பரிசோதிப்பர். இது வீண் கெடுபிடியன்று. 2008இல் மேல் மாகாணத்திற் கண்டறியப்பட்ட பப்பாசி வெண்மூட்டுப்பூச்சி வெளியிலிருந்து வந்த பூச்சியே. வீட்டு முற்றத்துப் பப்பாசியும் மரவள்ளியும் அதனால் எவ்வளவு அழிந்தன என்பது பலர் அறிந்ததே. கேடய இலைகளின் அடுக்கைப்போல் பூச்சி ஒளிந்துவர ஏற்ற இடம் வேறில்லை.

கன்றைப் பிரித்த அன்றே, பெற்றோர் இனங்களின் பெயரையும் பிரித்த திகதியையும் யாரிடமிருந்து பெற்றது என்பதையும் மெல்லிய அலுமினியத் தகட்டில் ஆணியாற் கீறி, பலகையின் பின்புறத்தில் அறைந்துவிடவேண்டும். மையால் எழுதிய அட்டை ஒரு மழைக்காலத்துக்கும் நில்லாது. முன்புறத்தில் அறைந்தால் கேடய இலை அதனை மூடிவிடும்.